கணினி இனிஷியல் கேட்டது

அன்ரன் எங்கள் வாசலில் நின்றான். கையில் ஒரு கம்பளித் தொப்பி. தொப்பிக்குள் ஏதோ இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, தெருவில் கிடந்த பூனைக்குட்டி எதையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அக்கா, கோவிக்கக்கூடாது" என்றான்.

அன்ரன் என் தங்கை ஜெயாவின் கணவன். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை. அவன் "கோவிக்கக்கூடாது" என்று தொடங்கினால் வழக்கமாக எங்கள் காரில் ஒரு கீறல் விழுந்திருக்கும். அல்லது என் பெரிய சட்டி யாருடைய ஞானஸ்நான விருந்திலோ தொலைந்திருக்கும்.

"முதல் உள்ளுக்கு வா. சப்பாத்தைக் கழட்டு."

கழற்றாமல் நின்றான். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. பனி உருகிச் சேறாகக் கிடக்கும் நாட்களில், இந்த ஊரில் சப்பாத்தைக் கழற்ற மறக்கிறவன் சின்னச் செய்தியோடு வந்திருக்க மாட்டான்.

தொப்பியை விரித்தான். உள்ளே கறுப்பு நிறக் கணினி டிஸ்க். அதன் முதுகில் நான் ஒட்டிய வெள்ளை லேபிள், என் கையெழுத்தில்: 'படம். தொடாதே.'

"தொட்டிட்டன்" என்றான் அன்ரன்.

'வாறன் பொறு'

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அன்ரன் ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தான். பெயர் 'வாறன் பொறு'. கதாநாயகன் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஒரு விடியற்காலை அவன் தள்ளிக் குவித்த பனிக்குள் ஒரு பெண்ணின் கார் புதைந்துபோகிறது. அவள் காரைத் தேடுகிறாள். அவன் தான் புதைத்ததை மறைத்து, அவளோடு சேர்ந்து தேடுகிறான். காதல் அப்படித்தான் தொடங்குகிறது. பிறகு வில்லன் வருகிறான், துரத்தல் வருகிறது, வண்டி வழுக்குகிறது. கதையைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. படப்பிடிப்பைப் பார்த்தபோது நிறுத்த முடியவில்லை.

வேலை நாட்களுக்கு நடுவே எடுத்ததால் மூன்று பனிக்காலம் பிடித்தது. புவாண்ட்-கிளேரில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார் நிறுத்தும் வெளியில் துரத்தல் காட்சியை எடுத்தார்கள். காவலாளி ஓடி வந்தார். அன்ரன் "போன்ஜூர்" சொல்லி அவர் கையில் ஒரு மட்டன் ரோலைக் கொடுத்தான். அவர் அதைக் கடித்தார், காரத்தில் கண் கலங்கினார், இன்னொன்று கேட்டார். படத்தில் கதாநாயகனைப் பார்த்துக் கண்ணீர் விடும் வெள்ளைக்காரர் அவர்தான். மிகவும் இயல்பான நடிப்பு.

ஜெயா தயாரிப்பு, உடை, சாப்பாடு, திட்டு எல்லாவற்றுக்கும் பொறுப்பு. வில்லன் வெங்கட்ராமன். சென்னைக்காரர், பாலங்கள் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்க்கை முழுவதும் ஒன்றும் விழாமல் பார்த்துக்கொண்டவர், இந்தப் படத்தில் எல்லாவற்றின் மீதிருந்தும் விழுந்தார்.

படம் முடிந்தது. சனிக்கிழமை மாலை எங்கள் பங்குக் கோவிலின் மண்டபத்தில் திரையிடல். சனம் எல்லாம் கேள்விப்பட்டாயிற்று. ரோல்ஸுக்கும் சொல்லியாயிற்று. அன்ரன் டிஸ்க்கோடு வந்து நின்றது அதற்கு முந்திய புதன்கிழமை.

படம் அழிந்தால் மறுபடி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். பனி உருகிவிட்டது. கதாநாயகிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. கதாநாயகன் புது வேலைக்காக மீசையை எடுத்துவிட்டான், எடுத்த பிறகுதான் அந்த முகத்தின் முழு வீரமும் மீசையில் இருந்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

முதலில் பெயர், பிறகு முகம்

அன்ரனை நாற்காலியில் இருத்தினேன். டிஸ்க்கை மேசையில், சுவரோரமாக, யாருடைய முழங்கையும் படாத இடத்தில் வைத்தேன். என் கணவர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நடந்ததை ஒழுங்காச் சொல்லு."

"சனிக்கிழமை ஹோலில ஓடுமோ எண்டு பாக்கத்தான் அக்கா சின்னவளின்ரை லப்டொப்பில சொருகினன். ஸ்கிறீனில ஒரு பெட்டி வந்துது. பிரெஞ்சில."

அவனுடைய இளைய மகள் ஒரு பிரெஞ்சுக் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய மடிக்கணினி முழுக்க முழுக்கப் பிரெஞ்சு பேசும்.

"பெட்டியில என்ன எழுதியிருந்தது?"

"இனிசியலிசே."

"நீ என்ன செய்தனி?"

"அமத்தினன். இனிசல் கேக்கிது எண்டு விளங்கிச்சுது."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பேந்து 'நொம்' எண்டு கேட்டுது. நொம் எண்டால் பேர். ஆஸ்பத்திரியில நாள் முழுக்க அதைத்தானே கேக்கிறம். எஸ் புள்ளி அன்ரன் எண்டு அடிச்சன்."

"பிறகு?"

"பிறகு ஒரு பொத்தான். எழுத்துக் கூட்டிப் பாத்தன். அதுக்குள்ளை 'ஃபேஸ்' இருந்தது. முகத்தைக் காட்டச் சொல்லுது எண்டு நினைச்சன்."

"காட்டினியோ?" இது என் கணவர், அடுப்படியிலிருந்து.

"ஓம் அண்ணை. கிட்டக் குனிஞ்சு, காட்டிக்கொண்டே அமத்தினன்."

என் கணவர் தேத்தண்ணியோடு வெளியே வந்தவர், கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் சிரிக்கும்போது சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

"என்ன அண்ணை சிரிக்கிறியள்? கனடாவுக்கு வந்து இறங்கேக்கை எயார்போட்டில என்ன கேட்டவங்கள்? பேரைக் கேட்டான், முகத்தைப் பாத்தான். அதே ஒழுங்குதானே?"

இனிசியலிசே என்றால் பிரெஞ்சில், கணினியின் பாஷையில், 'இதைப் புதிதாகத் தொடங்கு' என்று பொருள். அவன் முகம் காட்டி அழுத்திய சொல் எஃபாசே, எழுத்தில் effacer; நடுவே ஆங்கில face இருக்கும். அதற்கு 'அழி' என்று பொருள். அதாவது என் தங்கை கணவன், புன்னகைத்தபடி, தன் மூன்று பனிக்காலத்தையும் தன் கையால் அழித்துவிட்டு, அந்த வெறுமைக்கு 'எஸ். அன்ரன்' என்று பெயரும் வைத்திருக்கிறான்.

"உனக்குப் பிரெஞ்சு தெரியுமெல்லே?"

"கதைக்கிற பிரெஞ்சு தெரியும் அக்கா. எழுதிற பிரெஞ்சு வேறை பிரெஞ்சு."

அதுவும் உண்மைதான். எஃபாசே என்று யாராவது சொல்லியிருந்தால் அவனுக்கு விளங்கியிருக்கும். எழுத்தில் பார்த்ததும் அது ஆங்கில முகத்தோடு வந்துவிட்டது. பிறகு அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னான். அன்று அந்த அறையில் சிரிக்காமல் சொல்லப்பட்டது அது ஒன்றுதான்.

"இந்த நாட்டில முதல்முறையா ஒருத்தன் என்னட்டை இனிசல் கேட்டான் அக்கா. எனக்குச் சந்தோசமா இருந்துது. அதுதான் வேறை ஒண்டும் யோசிக்கேல்லை."

எத்தனை அன்ரன்

அவன் சந்தோஷத்தை விளங்கிக்கொள்ள, அவன் வகுப்பறைக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

அவனுடைய ஊர்க் கோவில் அந்தோனியார் கோவில். ஆகவே பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் பெயரில் அன்ரன். வகுப்பில் எம். அன்ரன், ரி. அன்ரன், பி. அன்ரன் என்று வரிசையாக இருந்திருக்கிறார்கள். கணக்கு வாத்தியார் பெயரைச் சொல்லி நேரத்தை வீணாக்குவதில்லை. வரவு கூப்பிடும்போது "எம்!" என்பார். "பிரசன்ற், சேர்!" "ரி!" "பிரசன்ற், சேர்!" அங்கே அன்ரன் என்பது ஒரு கூட்டத்தின் பெயர். எஸ் என்பதுதான் அவன்.

எஸ் என்றால் சூசைப்பிள்ளை. அவனுடைய தகப்பனார். இங்கே வந்ததும் அவர் குடும்பப் பெயர் ஆகிவிட்டார். எஸ் மறைந்து முழு சூசைப்பிள்ளையும் எழும்பி அட்டைகளில் ஏறி நின்றார். ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் "மொஸ்யு சூசைப்பிள்ளை!" என்று கூப்பிட, அன்ரன் திடுக்கிட்டுத் திரும்பி, பின்னால் அப்பா நிற்கிறாரா என்று பார்த்திருக்கிறான். பனியையே காணாத மனிதர், இன்றுவரை மொன்றியலில் இரண்டு ஷிஃப்ட் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

என் கதையும் அதேதான். இந்த மாகாணத்தில் கல்யாணம் முடித்தாலும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறாது. ஆகவே பல்வைத்தியரின் வரவேற்பறையில் என்னையும் என் கணவரையும் கூப்பிட்டால், எழும்பி நடப்பது எங்கள் இரண்டு பேரின் அப்பாமார்.

உறைபெட்டியும் லேபிளும்

அன்ரன் என்னிடம் ஓடி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தின் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அவன் படத்தைத் தொகுக்கும் கணினியும் நான் கொடுத்த பழையதுதான். லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். டிஸ்க்கையும் அந்தக் கணினிக்குப் பழகிய விதத்தில்தான் ஒழுங்குபடுத்தினேன். அதனால்தான் மகளின் மடிக்கணினிக்கு அது புரியவில்லை. புரியாததைக் கண்டால் சில கணினிகள், 'இதை அழித்துப் புதிதாகத் தொடங்கவா?' என்று மரியாதையாகக் கேட்கும். மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

டிஸ்க் அழிந்தால் என்ன ஆகிறது? இதை நான் ஜெயாவுக்கு எங்கள் வீட்டு உறைபெட்டியை வைத்து விளக்கியிருக்கிறேன்.

எங்கள் உறைபெட்டிக்குள் எல்லாம் வெள்ளித்தாளில் சுற்றி இருக்கும். கணவாய் மீன், ஆட்டிறைச்சி, அரைத்த மா, போன நத்தார்ப் பண்டிகைக்கு மிஞ்சிய கேக். எல்லாம் ஒரே மாதிரி உறைந்த கட்டி. லேபிள்தான் வித்தியாசம். ஒருமுறை மின்சாரம் போய் ஈரத்தில் லேபிள் முழுவதும் உதிர்ந்துவிட்டது. என் கணவர் கணவாய் என்று எடுத்து உருக்கியது தோசைமா. மிளகாய்த் தூள் போட்ட பிறகுதான் கண்டுபிடித்தார். அதையும் சாப்பிட்டோம்.

கணினி 'அழித்துவிட்டேன்' என்று சொன்னாலும், அநேகமாக அது இறைச்சியைத் தொடுவதில்லை. லேபிள்களைத்தான் கிழிக்கிறது. எந்தக் கோப்பின் பெயர் என்ன, எவ்வளவு பெரியது, டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் துண்டு துண்டாக இருக்கிறது என்ற விவரம்தான் போகிறது. இந்த விவரங்களுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். படம் மலை அளவு. மெட்டாடேட்டா கைப்பிடி அளவு.

அந்தக் கைப்பிடியை நான் ஞாயிறு தோறும் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்து, ஜெயா வீட்டில் என் கணினிக்கு நகல் எடுத்துவந்தேன். முழு டிஸ்க்கையும் நகல் எடுக்க இன்னொரு பெரிய டிஸ்க் வேண்டும். வாங்கு என்று அன்ரனிடம் சொன்ன போதெல்லாம் "பேந்து வாங்குவம் அக்கா" என்றான். 'பேந்து' என்பது பிறகு என்று பொருள்படும் எங்கள் ஊர்ச் சொல். எந்த நாட்காட்டியிலும் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

என் ஞாயிறு வேலையைப் பார்த்து ஜெயா சிரிக்காத வாரம் இல்லை. "அக்காவுக்கு ரோல்ஸ் வேண்டாமாம். எந்தத் தட்டில எந்த ரோல்ஸ் இருந்தது எண்ட விவரம் போதுமாம்."

புதன்கிழமை மாலை அவளும் வந்து சேர்ந்தாள். கணவனைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்தத் தட்டு விவரம் இருக்கோ?"

"இருக்கு."

"என்ரை அக்கா!" என்று கட்டிப்பிடித்தாள். பிறகு அன்ரனிடம் திரும்பினாள். "துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். அவரின்ரை பேரை வைச்சுக்கொண்டு இருக்கிறதையும் துலைக்கிறது உலகத்தில நீங்கள் ஒராள்தான்."

"தொட்டது யார்?"

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது.

பழைய லேபிள்களைத் திரும்ப ஒட்டலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெட்டிக்குள் யாரும் எதையும் மாற்றாமல் இருந்தால் மட்டும். யாராவது ஒரு பொட்டலத்தை எடுத்து எறிந்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைத்திருந்தால், பழைய லேபிள் புதிய பொட்டலத்தின் மேல் ஒட்டும். படத்தின் நடுவில் தோசைமா வரும்.

"ஞாயிறுக்குப் பிறகு ஆராவது இதில ஏதும் எழுதினதோ?"

"இல்லை அக்கா. படம் முடிஞ்சுது. நீங்கள் லேபிள் ஒட்டினியள். நான் தொடேல்லை."

"இண்டைக்குத் தொட்டியே."

"இண்டைக்கு மட்டும்தான் தொட்டனான்."

ஜெயாவும் இல்லை என்றாள். மகளையும் கேட்டாயிற்று. மிச்சம் இருந்தது வெங்கட்ராமன் மட்டும். சந்தேகத்தில் அல்ல, செய்தியைச் சொல்லத்தான் அவருக்குப் போன் எடுத்தோம். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சேர்? கேக்குதோ?"

"மேடம்..." என்றார் வெங்கட்ராமன். "ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

அன்ரன் தலையில் கைவைத்தான்.

விஷயம் இதுதான். படத்தில் வெங்கட்ராமனின் சாவு மிகவும் சின்னது. பனிக்குவியல் மேல் ஏறி நின்று சவால் விடுகிறார், குவியல் உள்வாங்குகிறது, அவர் காணாமல் போகிறார். ஒரு கையுறை மட்டும் மிஞ்சுகிறது. அதில் அவருக்கு மனக்குறை. கடைசிப் பனி பெய்த நாளில் தன் வீட்டுப் பின்வளவில், மனைவி படம் பிடிக்க, நீளமாக ஒரு சாவு செத்திருக்கிறார். வசனம், இருமல், அம்மாவை நினைத்தல் எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமை ஜெயாவின் டிஃபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வந்து, அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அதை டிஸ்க்கில் போட்டுவிட்டார்.

"போயும் போயும் டிஃபன் கேரியர்!" என்றாள் ஜெயா. "ஆள் நல்ல மனிசன் எண்டெல்லே நான் தேத்தண்ணி குடுத்தன்."

நான் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினேன். "சேர், யோசிச்சுச் சொல்லுங்கோ. பழைய சாவை அழிச்சுப்போட்டுப் புதுசைப் போட்டீங்களா? இல்லை, பழசு இருக்க, பக்கத்தில புதுசைப் போட்டீங்களா?"

"பழசைத் தொடவே இல்ல மேடம். பக்கத்துலதான் வெச்சேன். நீங்க எல்லாரும் ரெண்டையும் பார்த்துட்டு, எது நல்லாருக்குன்னு சொல்லுவீங்கன்னு ஒரு நப்பாசை."

காலியாகக் கிடந்த இடத்தில்தான் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலங்கள் இருந்தபடியே இருக்கும்.

"அப்பிடியெண்டால் படத்தை எடுக்கலாம். ஆனா உங்கடை புதுச் சாவு போயிடும். அதுக்கு என்னட்டை லேபிள் இல்லை."

அவர் மனைவியிடம் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.

"போகட்டும் மேடம். வேற நகலும் எங்கிட்ட இல்ல. என் சாவு போனாலும் பரவால்ல. படம் பொழைக்கட்டும்."

பிரார்த்தனை

நான் அடிபட்ட டிஸ்க்கின் மீது நேரடியாக வைத்தியம் செய்கிறவள் இல்லை. மறுநாள் லீவு போட்டேன். கடை திறந்ததும் அதே அளவில் புது டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன். 'பேந்து' வாங்க வேண்டியது, ஒருவழியாக வந்து சேர்ந்தது. பழையதில் உள்ளதை, இருந்தது இருந்தபடி, ஒரு புள்ளி விடாமல் புதியதற்கு நகல் எடுக்கவிட்டேன். இனிச் சரியானாலும் தவறினாலும் நகலில்தான். மூலத்தை அன்ரனின் கம்பளித் தொப்பிக்குள்ளேயே வைத்து, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினேன். தொப்பிக்கும் லேபிள் ஒட்டினேன்.

நகல் முடிந்தபோது பொழுதுபட்டிருந்தது. ஜெயா என் மேசையின் ஓரத்தில் அந்தோனியார் சுரூபத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள். வயர்களைக் காட்டி அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். வெங்கட்ராமன் விபூதியோடு வந்து, எல்லோருக்கும் பின்னால், மிகவும் அடக்கமாக நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த மெட்டாடேட்டாவைப் புது டிஸ்க்கில் எழுதச் சொல்லிக் கட்டளையை அடித்தேன். அடித்ததை ஒரு தரம் வாசித்தேன். டிஸ்க்கின் பெயரை மறுபடி வாசித்தேன். என் கணவர் பொறுமை இழந்து, "அமத்துமப்பா, முகம் காட்டத் தேவையில்லை" என்றார்.

அமத்தினேன்.

திரையில் ஒன்றும் நடக்கவில்லை. இந்த வகைக் கட்டளைகள் அப்படித்தான். நல்ல செய்தி இருந்தால் வாயைத் திறக்காது. பிறகு சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். அது வாயைத் திறந்தது. பிழை, பிழை, திருத்தினேன், பிழை, திருத்தினேன் என்று வரிகள் ஓடின. அன்ரன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தான்.

வரிகள் நின்றன. கோப்புகளைக் காட்டு என்றேன்.

காட்டியது.

பெயர்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக, பழைய ஒழுங்கில், பழைய எழுத்துப் பிழைகளோடு. அன்ரன் குனிந்து உரத்து வாசிக்கத் தொடங்கினான்.

"பனி, முதலாம் நாள்!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார் என் கணவர், கோவிலில் புனிதர்களின் பெயர் வாசிக்கப்படும்போது பதில் சொல்லும் அதே குரலில்.

"கார் புதையிறது!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" இப்போது ஜெயாவும் சேர்ந்துகொண்டாள்.

"துரத்தல், ரோல்ஸ் காவலாளி!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"வில்லன் சாவு, சின்னது!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பின்னாலிருந்து வெங்கட்ராமன் தனியாகச் சொன்னார். அவருக்குப் பிரார்த்தனையின் மெட்டு அதற்குள் பிடிபட்டுவிட்டது.

கடைசிப் பெயர் முழுப்படம். திறந்தேன். பனி பெய்தது. வண்டி வந்தது. மீசை வந்தது. அந்த மீசையைக் கண்டு நாங்கள் ஐந்து பேரும் கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் தடியால் தன் வீட்டுக் கூரையில் தட்டினார். படத்தை முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தோசைமா இல்லை.

புதிதாக 'எஸ். அன்ரன்' என்று எழுதப்பட்ட இடத்தில் இருந்த ஒரேயொரு கோப்பு மட்டும் நிரந்தரமாகப் போய்விட்டது. லேபிள் இருந்தது, பொட்டலத்தின் மேல் வேறு எழுதப்பட்டுவிட்டது. என்னவென்று பார்த்தேன். படத்தில் சேர்க்கும்படி அன்ரன் மன்றாடி, ஜெயா மறுத்த பாட்டு. அவனே எழுதி, அவனே பாடியது.

ஜெயா அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினாள்.

மண்டபத்தில்

சனிக்கிழமை மண்டபத்தில் இருக்க இடமில்லை. ரோல்ஸ் வாசம் திரைச்சீலை வரை வந்திருந்தது. கதாநாயகி கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்தாள்.

என் மடிக்கணினியை எடுத்துப் போயிருந்தேன். மண்டபத்துப் புரொஜெக்டரின் வயர் என் கணினிக்குப் பொருந்தவில்லை. அதற்கான இணைப்பு என் பையில், அதற்குரிய உறையில், லேபிளோடு இருந்தது. நான் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பங்குச் சுவாமியார் உதவி செய்ய நினைத்தார். மேசையில் இருந்த டிஸ்க்கை எடுத்து மண்டபத்துக் கணினியில் சொருகினார். புரொஜெக்டர் ஏற்கெனவே அதோடுதான் இணைந்திருந்தது.

ஒரு சத்தமும் இல்லாமல், திரை அகலத்துக்கு, ஆளுயரத்தில், ஒரு பெட்டி எழுந்தது. பிரெஞ்சில். நடுவே இனிசியலிசே என்ற அந்தச் சொல். சுவாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அம்புக்குறியை அன்போடு அதன்மேல் கொண்டுபோனார்.

"தொடாதேங்கோ!"

ஜெயா கத்தினாள். மீசை போன கதாநாயகன் கத்தினான். "ஃபாதர், நோ!" என்று வெங்கட்ராமன் உட்கார்ந்திருந்த கதிரை மேல் ஏறினார். கைக்குழந்தை வீரிட்டது. விஷயம் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவியிருந்ததால், பாதி மண்டபம் என்னவென்று தெரிந்தும், மீதி தெரியாமலும் சேர்ந்து கத்தியது. சுவாமியார் சூடான சட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

அந்த அமளிக்கு நடுவே அன்ரன் மட்டும் அமைதியாக எழும்பினான்.

"சுவாமி, அதுக்கு இனிசல் குடுக்காதேங்கோ. எங்களிட்டை இருக்கு."

நான் போய் டிஸ்க்கைப் பத்திரமாகக் கழற்றி என் கணினியில் சொருகினேன். விளக்கு அணைந்தது. படம் ஓடியது.

படத்தைப் பற்றி நான் விமர்சனம் எழுதப் போவதில்லை. காவலாளி அழும் இடத்தில் சனம் விசிலடித்தது. வில்லன் பனிக்குள் போய்க் கையுறை மட்டும் மிஞ்சிய இடத்தில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மனைவியின் பக்கம் சாய்ந்து வெங்கட்ராமன் சொன்னது எனக்குக் கேட்டது: "பாத்தியா, சின்னதாதான் சாகணும்."

கடைசியில் பெயர்கள் வந்தன. வெள்ளிக்கிழமை அன்ரன் என்னிடம் வந்து, ஒரேயொரு எழுத்தை மட்டும் படத்தில் சேர்க்க அனுமதி கேட்டிருந்தான். சேர்த்து முடித்ததும் நான் மறுபடி நகல் எடுத்தேன், இம்முறை முழு டிஸ்க்கையும்.

'கதை, வசனம், இயக்கம்: எஸ். அன்ரன்.'

கைதட்டலுக்கு நடுவே, பின்வரிசையிலிருந்து, அவனோடு ஊரில் படித்த யாரோ ஒருவர் கணக்கு வாத்தியாரின் குரலில் கூப்பிட்டார்.

"எஸ்!"

இருட்டில் ஒரு கதிரை பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"பிரசன்ற், சேர்!"